வளரும் நகரத்தை எங்கே நின்று வரைவது?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஓவியம் படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "'வளரும் நகரம்' என்ற தலைப்பில் போட்டிக்குப் படம் கேட்டிருக்கிறார்கள். மேம்பாலம் ஒன்றை வரைந்தேன். பார்த்தவர்கள் எல்லாம் அரசு விளம்பரம் மாதிரி இருக்கிறது என்கிறார்கள். பெரிய ஓவியர்கள் நவீனப் பாலங்களையும் நகர வளர்ச்சியையும் எப்படிக் காட்டினார்கள்? நம் ஊர்ப் பாலத்தை வைத்து அப்படி ஏதாவது செய்ய முடியுமா?"

தாராளமாக முடியும். புதுச்சேரியில் பல வருடங்களாக ஓவியம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். வகுப்பில் அடிக்கடி வரும் கேள்விதான் இது. ஒரு பாலத்தின் படத்தைப் பார்க்கும்போது இரண்டே விஷயங்களைக் கவனியுங்கள். ஓவியர் எங்கே நின்று பார்த்தார்? படத்துக்குள் யாரை விட்டார்? வளர்ச்சியைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

உங்கள் படத்துக்கு விளம்பரக் களை எப்படி வந்தது என்பதையும் இதை வைத்தே சொல்லலாம். இன்று ஒரு பாலம் எழுவதற்கு முன்பே அதன் படம் வந்துவிடுகிறது. எந்த ஊரில் மேம்பாலம் அறிவித்தாலும், கணினியில் செய்த மாதிரிப் படம் பிளெக்ஸிலும் கைப்பேசியிலும் சுற்ற ஆரம்பித்துவிடும். அதில் வானம் பளிச்சென்று நீலம். சாலையில் நாலைந்து கார். கீழே புல்தரை. மின்கம்பி, டீக்கடை, ஷேர் ஆட்டோ, மழைத்தண்ணீர் எதுவும் இருக்காது. பார்க்கும் கண் பாலத்துக்கு மேலே அந்தரத்தில் மிதக்கும். அந்த இடத்திலிருந்து பாலத்தைப் பார்க்கப்போகிறவர் ஊரில் ஒருவரும் கிடையாது. பேருந்தில் போகிறவர் கைப்பிடிச் சுவரைத்தான் பார்ப்பார், கீழே கடை வைத்திருப்பவர் தூணைத்தான் பார்ப்பார். நாம் அறியாமலே அந்த மிதக்கும் கண் நம் கைக்கும் வந்துவிடுகிறது. நீங்கள் வரைந்தது அநேகமாக அந்தக் கோணமாகத்தான் இருக்கும்.

இதற்கு நேர் எதிராக நின்றவர் பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் கய்போத். 1876இல் பாரிஸில் அவர் வரைந்த 'ஐரோப்பாப் பாலம்' என்ற படத்தை இணையத்தில் தேடிப் பெரிதாக்கிப் பாருங்கள். நான் வகுப்பில் அதிக நேரம் செலவிடுவது இந்தப் படத்தில்தான். சேன் லசார் ரயில் நிலையத்துத் தண்டவாளங்களுக்கு மேலே 1860களில் கட்டிய இரும்புப் பாலம் அது. பழைய பாரிஸை இடித்து அகலச் சாலைகள் போட்டுக்கொண்டிருந்த காலம். வலப்பக்கம் முழுக்கக் கனமான இரும்புச் சட்டங்கள் பெருக்கல் குறி போல ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. இடப்பக்கத்தில் உயரத் தொப்பி வைத்த கனவான் ஒருவர் நம்மை நோக்கி நடந்து வருகிறார், அவரை ஒட்டிக் குடை பிடித்த ஒரு பெண். கைப்பிடியில் முழங்கையை ஊன்றி, வேலைச்சட்டை போட்ட தொழிலாளி ஒருவர் கீழே ரயில்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நம் காலடியிலிருந்து ஒரு நாய் படத்துக்குள்ளே போகிறது.

இப்போது கய்போத் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். பாலத்தின் நடைபாதையில், எல்லோரும் நடக்கிற உயரத்தில். அதனால்தான் இரும்பு அவ்வளவு பெரியதாகத் தெரிகிறது. கனவானுக்கு அது உலாவுகிற இடம். தொழிலாளிக்கு நின்று வேடிக்கை பார்க்கிற இடம். ஒரே பாலம் இரண்டு பேருக்கு இரண்டு விதமாகப் பயன்படுவதை ஒரு வார்த்தை சொல்லாமல் காட்டிவிட்டார். கனவானும் தொழிலாளியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை என்பதையும் கவனியுங்கள். கய்போத் பணக்காரக் குடும்பம். அந்தத் தொப்பிக்காரரில் அவர் தன்னையே வரைந்திருக்கிறார் என்று சொல்வதுண்டு. அதே பாலத்தை அவர் மறுபடியும் வரைந்தார். அதில் சட்டங்கள் படத்தை ஏறக்குறைய அடைத்துக்கொள்ள, ஆட்கள் ஓரத்தில் வெட்டுப்பட்டு நிற்கிறார்கள், எங்கும் நீலச் சாம்பல் குளிர். நாயும் இல்லை, குடையும் இல்லை. நகரம் வளர்ந்தால் மனிதர் எங்கே போவார் என்ற கேள்வியை அந்த இரண்டாவது படம் கேட்பதாகவே எனக்குப் படுகிறது.

இன்னொரு பிரெஞ்சு ஓவியர் க்ளோத் மோனேயின் வழி வேறு. 1899 முதல் 1901 வரை லண்டனுக்கு மூன்று முறை போனவர், தேம்ஸ் கரையில் சவாய் ஹோட்டலின் மேல்மாடி அறையிலிருந்து வாட்டர்லூ பாலத்தை நாற்பதுக்கும் மேற்பட்ட கேன்வாஸ்களில் வரைந்தார். பலவற்றை ஊர் திரும்பிய பிறகுதான் முடித்தார். பாலம் அவற்றில் ஊதா நிழலாகக் கரைந்து கிடக்கும், பின்னால் ஆலைப் புகைபோக்கிகள் வரிசையாக நிற்கும். அந்த மயக்கும் மூடுபனியில் பாதி நிலக்கரிப் புகை. மோனே அதை மறைக்கவில்லை, ஒளியாக மாற்றினார். அவருடைய கைக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனாலும் கடலூர்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்வேன். சிப்காட் தொழிற்பேட்டைப் புகைபோக்கிகளுக்குப் பின்னால் சூரியன் இறங்கும்போது வானம் அப்படித்தான் அள்ளிக்கொண்டு போகும். அதே காற்றைக் குடிகாடு பக்கத்து ஊர்க்காரர்கள் சுவாசிக்கிறார்கள், அதன் நாற்றத்தைப் பற்றிப் பல ஆண்டுகளாக முறையிட்டும் வருகிறார்கள். ஹோட்டல் மாடியிலிருந்து பார்ப்பவருக்கு நாற்றம் தெரியாது. அழகாக வரையுங்கள், ஆனால் அழகு எதிலிருந்து வருகிறது என்று தெரிந்து வரையுங்கள்.

பாலத்தைத் தெய்வமாகவே ஆக்கியவர் ஜோசப் ஸ்டெல்லா. இத்தாலியிலிருந்து 1896இல் நியூயார்க்குக்கு வந்தவர். 1919-20இல் அவர் வரைந்த புரூக்ளின் பாலத்தில் எஃகு வடங்கள் நடுவில் குவிகின்றன, கோபுரத்தின் கூர் வளைவுகள் தேவாலயச் சன்னல் போல எழுகின்றன, இருட்டில் சிவப்பும் நீலமும் வண்ணக்கண்ணாடியாக மின்னுகின்றன. பிறகு நியூயார்க் நகரத்தையே ஐந்து பலகைகளாக வரைந்தபோது, மாதா கோயில் பீடத்துப் படங்களின் அமைப்பையே எடுத்துக்கொண்டார். அதில் ஒரு பலகை முழுக்க இந்தப் பாலம். வேற்று நாட்டிலிருந்து வந்த ஒருவர் புதிய நகரத்தை எப்படிக் கும்பிட்டார் என்று புரியும். அந்தப் பரவசம் பொய்யில்லை.

ஆனால் அந்தப் படத்துக்குள் மனிதன் இல்லை. அந்தப் பாலத்தைத் திட்டமிட்ட ஜான் ரோப்ளிங் 1869இல் அளவெடுக்கப் போன இடத்தில் கால் நசுங்கி, நோய் தொற்றி இறந்தார். ஆற்றடியில் அழுத்தக் காற்று அடைத்த பெட்டிக்குள் இறங்கி மண் தோண்டிய தொழிலாளர்கள் மேலே ஏறி வந்ததும் மூட்டு வலியில் சுருண்டு விழுந்தார்கள், சிலர் செத்தார்கள். பொறுப்பேற்ற மகன் வாஷிங்டனும் அதே நோயில் படுத்துவிட்டார். அவர் மனைவி எமிலி பொறியியல் கற்றுக்கொண்டு, கணவரின் குறிப்புகளை வேலைத் தளத்துக்குக் கொண்டுபோய், 1883இல் பாலம் திறக்கும்வரை நின்று முடித்தார். ஸ்டெல்லாவின் படம் எனக்கு மிகவும் பிடிக்கும். இந்தக் கதையை அறிந்த பிறகு அந்தக் காலி நடைபாதையைப் பார்க்கும்போது மனம் கனக்கவும் செய்கிறது.

மனிதர் இல்லாத பாலப் படத்தின் கடைசி எல்லையை நம் புதுச்சேரியில் பலர் கையிலேயே வைத்திருக்கிறார்கள். பிரான்ஸிலிருந்து பென்ஷன் வாங்கும் வீடுகளில் யூரோ நோட்டு இருக்கும். திருப்பிப் பாருங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பாலம். 2002இல் புழக்கத்துக்கு வந்த ஏழு நோட்டுகளையும் வடிவமைத்தவர் ஆஸ்திரியாவின் ராபர்ட் கலினா. எந்த நாட்டுக்கும் மனத்தாங்கல் வரக்கூடாது என்று, உலகில் எங்குமே இல்லாத பாலங்களாக வரைந்தார். பிற்பாடு நெதர்லாந்தில் ஸ்பெய்கனிஸ என்ற ஊர்க்காரர்கள் அந்த ஏழு பாலங்களையும் சிறியதாக நிஜத்திலேயே கட்டிவிட்டார்கள்! சின்னமாக மட்டும் வரைந்தால் பாலம் இப்படி ஊரற்றுப் போகும். உங்கள் படத்தில் இருக்கும் மேம்பாலம் எந்த ஊரில் இருக்கிறது என்று படத்தைப் பார்த்தே சொல்ல முடிகிறதா? முதல் சோதனை அது.

பாலம் கட்டி முடிவதற்கு முன்பே போய் நின்ற இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிட்னி துறைமுகப் பாலம் 1932இல் திறந்தது. இரு கரையிலிருந்தும் வளைவுகள் நீண்டு, நடுவே இடைவெளி இருந்த நாட்களில் கிரேஸ் காசிங்டன் ஸ்மித் கரையில் உட்கார்ந்து பென்சிலால் வரைந்தார். எந்த இடத்தில் என்ன நிறம் என்று படத்தின்மேலேயே குறித்துக்கொண்டு வீட்டில் வந்து தீட்டினார். 1930இல் வரைந்த படத்தில் வளைவு இன்னும் வந்து சேராமல் வானத்தை எட்டிக்கொண்டிருக்கிறது. வானமே அதைச் சுற்றி அலையலையாக அதிர்கிறது. ஜெஸ்ஸி டிரெயில் உலோகத் தகட்டில் கீறி, அமிலத்தில் அரித்து அச்செடுத்தவர். பாரந்தூக்கிகள், அஸ்திவாரம், இரும்புக்கு நடுவே எறும்பளவில் ஆட்கள் என்று, கட்டுமானத்தைப் படிப்படியாகப் பின்தொடர்ந்தார். அந்தப் பாலத்துக்காக நூற்றுக்கணக்கான வீடுகள் இடிபட்டன, கட்டும்போது 16 பேர் இறந்தார்கள். முடிந்த பாலத்தின் ஆயிரம் படங்கள் சொல்லாததைப் பாதிப் பாலத்தின் படம் சொல்லும். எதிலிருந்து, எப்படி, யார் கையால் என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

இதெல்லாம் மேல்நாட்டு விவகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். நம் கலையில் ஆகப் பழைய பாலம் சேது. அதை எப்படிக் காட்டினார்கள்? கட்டி முடித்த பாலமாக அல்ல, கட்டுகிற வேலையாக. குரங்குகள் தலையிலும் தோளிலும் பாறை சுமந்து வருகின்றன, ஒன்று கொடுக்க ஒன்று வாங்குகிறது, கடலில் மீன்கள் துள்ளுகின்றன. நம் பக்கத்துக் கோயில் சிற்பங்களிலும் ஓவியங்களிலும் பார்க்கலாம். ஜாவாவில் 9ஆம் நூற்றாண்டுப் பிரம்பனான் கோயில் சிற்ப வரிசையிலும் இருக்கிறது. கம்பர் அதற்கென்று ஒரு படலமே பாடினார். தொண்டரடிப்பொடியாழ்வார் இன்னும் கீழே குனிந்து, தண்ணீரில் நனைந்து மணலில் புரண்டு ஓடி உதவிய அணிலைப் பார்த்தார். இந்த மரபில் வந்த நாம், இன்று பாலத்தின் படம் என்றால் ரிப்பன் வெட்டுகிறவர் முகத்தைப் பெரிதாகப் போடுகிறோம். கம்பி வளைத்தவர், சாரம் கட்டியவர், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் தங்கி கான்கிரீட் போட்டவர் யாரும் படத்தில் இல்லை. மெரினாவில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை 1959 முதல் நிற்கிறது. நான்கு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்கள். அவ்வளவு பெரிய முன்மாதிரி நம் கடற்கரையிலேயே இருக்கிறது.

இந்திய நகரத்தை அந்தக் கண்ணோடு வரைந்தவர் சுதீர் பட்வர்தன். தானேயில் 2005 வரை எக்ஸ்ரே பார்க்கும் டாக்டராக வேலை பார்த்தவர், 1970களிலிருந்து மும்பையை வரைந்து வருகிறார். ரயில், நடைமேம்பாலம், மூடிய பஞ்சாலைகள், அவற்றுக்குப் பின்னால் எழும் அடுக்குமாடிகள், எல்லாவற்றுக்கும் நடுவே வேலை முடிந்து போகிறவர்களின் உடம்பு. அந்த உடம்பின் களைப்பை அவர் மாதிரி பார்த்தவர் குறைவு. கொல்கத்தாவின் ஹௌரா பாலம் வேறு மாதிரி. போர்க்காலம் என்பதால் 1943இல் விழா எதுவுமின்றித் திறந்தார்கள். இன்று காலண்டர், சினிமா, மிட்டாய்ப் பெட்டி என்று அது இல்லாத இடமில்லை.

பாலத்தையே கேன்வாஸாக்கும் பழக்கமும் வந்திருக்கிறது. 2022 சதுரங்க ஒலிம்பியாடுக்காகச் சென்னை நேப்பியர் பாலத்தைக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக்கினார்கள். துணிச்சலான, அந்த நேரத்துக்குப் பொருத்தமான வேலை. மேம்பாலத் தூண்களில் ஏர் பூட்டிய உழவரையும் ஜல்லிக்கட்டுக் காளையையும் வரைவதைப் பற்றி எனக்குக் குறை உண்டு. வரைகிற பிள்ளைகளுக்குக் கூலி கிடைக்கிறது, அது நல்லது. ஆனால் அந்தத் தூணடியில் பூக்கட்டி விற்கும் அம்மாவும், மழைக்கு ஒதுங்கும் பைக் ஓட்டுகிறவரும் அந்த ஓவியங்களில் ஏன் வருவதில்லை?

சரி, உங்கள் பாலத்துக்கு வருகிறேன். இரும்புப் பாலத்தை ஓவியர்கள் விரும்பியதற்கு ஒரு காரணம் உண்டு. பாரம் எங்கே இழுக்கிறது, எங்கே அழுத்துகிறது என்பதை ஒவ்வொரு சட்டமும் வெளிப்படையாகக் காட்டும். கோடு தானாகவே கிடைக்கும். இன்றைய கான்கிரீட் மேம்பாலத்தில் இழுவிசையைத் தாங்கும் எஃகு வடங்கள் எல்லாம் உள்ளே புதைந்து கிடக்கின்றன. வெளியே தெரிவது மழமழவென்ற சாம்பல் பெட்டி. அதனால்தான் அதை வரைந்தால் சப்பென்று இருக்கிறது, உங்கள் கை மேல் தப்பில்லை. கோட்டைத் தேடாதீர்கள், நிழலைத் தேடுங்கள்.

கெடிலம் ஆற்றில் அண்ணா பாலத்துக்குக் கீழே, மஞ்சக்குப்பம் பக்கத்துக் கரையில், தண்ணீர் குறைந்த நாளாகப் பார்த்து இறங்குங்கள். காலை எட்டு மணி வாக்கில் வெயில் சாய்வாக வரும்போது, பாலத்தின் அடிவயிற்றை அண்ணாந்து பாருங்கள். ஆற்று நீரில் பட்ட வெளிச்சம் மேலே எகிறிக் கான்கிரீட்டில் வலைவலையாக நெளியும். மேலே பேருந்து போகும்போது இணைப்பில் 'தடக் தடக்' என்று சத்தம் கேட்கும், வெளிச்ச வலை அதைக் கண்டுகொள்ளாமல் தன்பாட்டுக்கு நெளியும். தூணில் வெள்ளம் ஏறி இறங்கிய மட்டம் பழுப்புக் கோடாக நிற்கும். கோட்டுக்கு மேலே பழைய சுவரொட்டியின் கிழிசல், கீழே காய்ந்த சேறும் ஆகாயத்தாமரைச் சருகும். அந்தக் கான்கிரீட்டுக்குக் கறுப்பையும் வெள்ளையையும் கலக்காதீர்கள், செத்துப்போகும். அல்ட்ராமரைன் நீலத்தோடு பர்ன்ட் சியன்னாவைக் கலந்து வாஷ் போடுங்கள். வெயில் பக்கம் சியன்னா தூக்கலாக, நிழல் பக்கம் நீலம் தூக்கலாக. நெளியும் வெளிச்சத்துக்குத் தாளின் வெள்ளையையே விட்டுவிடுங்கள்.

இந்த மாவட்டத்தில் பாலத்தை வரைகிறவருக்கு வெள்ள மட்டம் முக்கியம். 2015 மழை, 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் சாத்தனூர் அணை நீரோடு தென்பெண்ணை கரைபுரண்டது, இதெல்லாம் நம் பாலங்களின் தூண்களில் எழுதப்பட்டிருக்கிறது. ஊர் எவ்வளவு வளர்ந்தது என்பதையும் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்பதையும் ஒரே தூணில் காட்டக் கிடைக்கும் வாய்ப்பு பாரிஸ்காரருக்குக் கிடைக்கவில்லை. மழையையே வரைய ஆசையிருந்தால் ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் 1857ஆம் ஆண்டு மரவெட்டு அச்சைப் பாருங்கள். எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்து மரப்பாலத்தில் திடீர் மழை, கறுப்புக் கோடுகளாக இறங்கும் மழைக்குள் பாயையும் குடையையும் தலையில் கவிழ்த்து ஓடும் ஆட்கள், ஆற்றில் தனியாகத் தெப்பம் தள்ளும் ஒருவர். வான்கோ 1887இல் அதை எண்ணெய் வண்ணத்தில் பிரதி எடுத்துப் பழகினார். ஐப்பசி மழைக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

கெடிலம் சரிவரவில்லை என்றால் புதுச்சேரிப் பக்கம் வாருங்கள். அரியாங்குப்பம் ஆற்றில் அலையாத்திச் செடிகளும் படகுகளும் சாலைப் பாலமும் ஒரே சட்டத்துக்குள் வரும். உப்புத்தண்ணீர் ஏறி இறங்கும் இடம் என்பதால் தூணின் அடியில் சிப்பி அப்பியிருக்கும். கடற்கரையில் இன்னொரு பாடம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் கடலுக்குள் நீட்டிக் கட்டிய கப்பல் பாலம் பழைய தபால் அட்டைப் படங்களில் எல்லாம் நகரத்தின் பெருமையாக நிற்கும். 1952 புயல் அதைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு வம்பாகீரப்பாளையம் பக்கம் கட்டிய துறைமுகப் பாலம் 2022 மார்ச்சில் கடல் சீற்றத்தில் பகுதி இடிந்தது. தபால் அட்டையையும் இடிந்த பாலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரைந்துபாருங்கள். 'வளரும் நகரம்' என்ற தலைப்புக்கு அதுவும் பொருந்தும்.

ஒரு வேலை மட்டும் கண்டிப்பாகச் செய்யுங்கள். மூன்று இடங்களில் உட்கார்ந்து ஒரே பாலத்தை வரையுங்கள்: நடைபாதையில், தூணடியில், எதிர்க்கரையில். ஒவ்வொன்றிலும் அந்த நேரத்தில் அங்கே நிஜமாக இருந்த ஒருவரையாவது சேருங்கள். வலை வீசுகிறவரோ, சைக்கிளை உருட்டிக்கொண்டு ஏறும் பெரியவரோ, சாயம் அடிக்கும் தொழிலாளியோ. முகம் அடையாளம் தெரியும்படி வரைவதானால் அனுமதி கேட்டுவிட்டு வரையுங்கள். நிறத்தை காசிங்டன் ஸ்மித் செய்த மாதிரிப் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் எடுத்த படத்தை வைத்து அப்படியே வரைய வேண்டாம். பக்கத்தில் நின்று எடுத்தால் அகல லென்ஸ் தூணை ஊதிக் காட்டும், தூரத்துக் கரையைச் சுருக்கிவிடும். சரிபார்க்க மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஸ்கெட்ச்களில் எதைப் பெரிதாக்குவது என்ற குழப்பம் வந்தால், பாலத்தை விரலால் மறைத்துவிட்டுப் பாருங்கள். மீதி இருப்பதை வைத்தே இது கடலூர் என்று சொல்ல முடிகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.